எழுத்தே கோடாகும் ஓவியம்: நுண்ணெழுத்துச் சித்திரம் என்றால் என்ன?

தைப்பூசக் காவடி நெருங்கும் நாட்களில் மொரிஷியஸ் கோவில் வாசல்களில் சாமி படங்கள் விற்பனைக்கு வரும். அவற்றில் ஒரு வகைக்கு எப்போதும் தனி மதிப்பு. எட்டி நின்று பார்த்தால் முருகன். கிட்டப் போனால் வெறும் எழுத்து. "கந்த சஷ்டி கவசம் முழுவதும் இதற்குள் இருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். வாங்குபவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போவார். முழுவதும் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. படித்துப் பார்த்தால் சில படங்களில் 'ஓம் சரவணபவ' என்ற ஒன்றே ஆயிரம் முறை அச்சாகியிருக்கும். சிலவற்றில் கவசத்தின் வரிகள் பாதியில் அறுந்து, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும்.

இந்தக் கலையைப் பற்றி நம்மிடையே பேச்சு அதிகம், தெளிவு குறைவு. அரிசியில் பெயர் எழுதுவதும் இதுவும் ஒன்றுதான் என்கிறார்கள். நுண்ணோக்கி இல்லாமல் எழுதவே முடியாது என்கிறார்கள். எழுத்து எவ்வளவு சிறிதோ அவ்வளவு பக்தி என்கிறார்கள். இவை எவையும் சரியில்லை. இதைப் புரிந்துகொள்ள ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. தமிழ் எழுத்துத் தெரிந்து, ஒரு பாட்டாவது மனப்பாடமாக இருந்தால் போதும்.

எதை இந்தப் பெயரால் அழைக்கலாம்?

நுண்ணெழுத்துச் சித்திரம் என்பது, ஒரு நூலின் வரிகளை மிகச் சிறிய கையெழுத்தில் எழுதி, அந்த வரிகளையே கோடாகவும் நிழலாகவும் கொண்டு ஓர் உருவத்தை அமைப்பது. உலகில் இதை மைக்ரோகிராஃபி என்கிறார்கள். உருவத்தை முதலில் தீட்டிவிட்டு மேலே எழுத்தைத் தூவுவது இதில் சேராது. எழுத்தை நீக்கினால் தாளில் எதுவும் மிஞ்சக் கூடாது.

மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். நூல் முன்பே இருப்பதாக இருக்க வேண்டும்: தேவாரப் பதிகம், திருவாசகம், கவசம், எதுவானாலும். அது முதலிலிருந்து கடைசி வரை வரிசை பிறழாமல் ஓட வேண்டும். கிட்டப் போய் நின்றால் படிக்க முடிய வேண்டும். மூன்றில் முதலிடம் வரிசைக்குத்தான் என்பது என் கருத்து. படத்துக்காகப் பாட்டை வெட்டினால் அங்கே எழுத்து வெறும் புள்ளியாகிவிடுகிறது. மொரிஷியஸ் தமிழருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1998-இல் வெளிவந்த புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தின் இடம் மாறியபோது நம் மக்கள் எழுப்பிய எதிர்ப்பில் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பது நமக்கு ஒருபோதும் சிறிய விஷயமாக இருந்ததில்லை.

நம் மரபிலேயே இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதனால்தான் குழப்பமும் வருகிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவியில் நாகபந்தம், முரசபந்தம் போன்ற வகைகள் இருக்கின்றன. பாம்பு பின்னிக்கிடக்கும் வடிவத்தில் கட்டங்கள். பின்னல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் ஓர் எழுத்து இரண்டு அடிகளுக்கும் பொதுவாக அமையும். திருஞானசம்பந்தர் சீகாழியைப் பாடிய திருவெழுகூற்றிருக்கையையும், திருமங்கையாழ்வார் குடந்தைப் பெருமாளைப் பாடியதையும், அருணகிரிநாதர் சுவாமிமலை முருகனைப் பாடியதையும் தேர் வடிவில் எழுதிக் காட்டும் வழக்கம் இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று எனப் பாட்டில் வரும் எண்கள் ஏறி இறங்கி ஏழு வரை போவதால், அடுக்கி எழுதினாலே தேர்த்தட்டு உருவாகிவிடும்.

இவற்றில் எழுத்து சாதாரண அளவில்தான் இருக்கும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று: சித்திரகவியில் புலவர் வடிவத்துக்கு ஏற்பப் பாட்டைப் புதிதாகக் கட்டுகிறார். நுண்ணெழுத்துச் சித்திரத்தில் பாட்டு ஏற்கெனவே முடிந்துபோனது. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எழுதுபவருக்கு உரிமை கிடையாது. வளைய வேண்டியது படம்தான்.

அரிசியில் எழுதுவது சிறுமையின் திறன். அங்கே எழுத்துகள் சேர்ந்து எந்த உருவத்தையும் ஆக்குவதில்லை. யந்திரத் தகடுகளில் எழுத்து உண்டு, ஆனால் உருவத்தைத் தருவது கோடுகள். 'ஸ்ரீராமஜெயம்' எழுதும் லிகித ஜபம் ஒரே நாமத்தைத் திரும்ப எழுதுவது. அதற்கு உருவமே தேவையில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: முன்பே இருக்கும் பாட்டு, வரிசை கெடாமல், படிக்கும்படியாக எழுதப்பட்டு, அந்த எழுத்தே உருவமாவதுதான் நுண்ணெழுத்துச் சித்திரம்.

எட்டி நின்றால் ஏன் உருவம் தெரிகிறது?

மோக்கா பக்கத்திலிருந்து பூஸ் மலைக்கு ஏறுபவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்குவார்கள். அங்கே ஒவ்வொரு தோகையும் தனியாகத் தெரியும். சற்று மேலே ஏறிப் பார்த்தால் தோகை மறைந்து சால்கள் மட்டும் தெரியும். உச்சிக்குப் போனால் சாலும் மறைந்து, ஒரே பச்சைப் பரப்பு. அதிலும் அடர்ந்து வளர்ந்த தோட்டம் கரும்பச்சையாகவும், அறுத்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும் தோட்டம் வெளிறியும் தெரியும். கரும்பின் நிறம் மாறவில்லை. சாலுக்குச் சால் தெரியும் மண்ணின் அளவுதான் மாறியிருக்கிறது.

தாளிலும் நடப்பது இதுதான். தோகைக்குப் பதில் எழுத்து, சாலுக்குப் பதில் வரி, மண்ணுக்குப் பதில் வெள்ளைத் தாள்.

காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. இரண்டு கோடுகள் மிக நெருங்கினால் கண்ணால் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. அந்த எல்லைக்குப் பிரித்தறியும் எல்லை என்று பெயர். நல்ல பார்வை உள்ளவருக்கு அது ஒரு கோணத்துளி, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால், முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் சுமார் 0.09 மில்லிமீட்டர் இடைவெளி வரை கண் பிரித்துப் பார்க்கும். 3 மீட்டர் தூரத்தில் அதே கண்ணுக்கு 0.9 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். அதற்கும் கீழே போனால் கருமையும் வெள்ளையும் கலந்து ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து, அதற்குள் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் வெள்ளை. வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் வெள்ளை. எழுத்துக்குள் இருக்கும் இடைவெளியைக் கண் சுமார் 70 சென்டிமீட்டர் வரைதான் பிரிக்கும். கையை நீட்டினால் எட்டும் தூரம் அது. வரிகளுக்கு நடுவேயுள்ள வெள்ளையைச் சுமார் மூன்றரை மீட்டர் வரை பிரிக்கும். ஆகவே இந்தப் படத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: கைக்கெட்டும் தூரத்துக்குள் பாட்டு; அதற்கு அப்பால் மெல்லிய வரிவரியான கோடுகள்; மூன்றரை மீட்டரைத் தாண்டினால் வழுவழுப்பான நிழல். பலர் முதலையும் கடைசியையும் மட்டுமே கவனிக்கிறார்கள். நடுவில் இருக்கும் நிலை எனக்கு மிகவும் பிடித்தது. வரிகள் எந்தப் பக்கம் வளைகின்றன, கன்னத்தைச் சுற்றியா, குறுக்கேயா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். எழுதியவரின் கைத்திறனை அங்கேதான் அளக்க வேண்டும்.

நிழல் எங்கே அடர வேண்டும், எங்கே வெளிற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மைச்செறிவு: குறிப்பிட்ட பரப்பில் எத்தனை பங்கை மை மூடியிருக்கிறது என்ற அளவு. எழுத்து ஓடும் பட்டையில் கால் பங்கு மை என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன இடைவெளியில் எழுதினால் மொத்தப் பரப்பில் எட்டில் ஒரு பங்குதான் மை. வரிகளை நெருக்கி, நடுவே கால் மில்லிமீட்டர் மட்டும் விட்டால் ஐந்தில் ஒரு பங்கு. வரிகள் ஒன்றையொன்று தொட்டாலும் கால் பங்கைத் தாண்டாது. அதற்கு மேலும் கருப்பாக்க வேண்டுமென்றால் எழுத்தின் மேல் எழுத வேண்டும். அப்போது படிக்க முடியாது.

இதனால்தான் உண்மையான நுண்ணெழுத்துச் சித்திரம் எப்போதும் சற்று மென்மையாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். மயிலின் கழுத்தோ அம்மனின் கூந்தலோ திட்டுத்திட்டாக முழுக் கருப்பாக இருந்தால், அந்த இடத்தில் எழுத்து இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பாருங்கள். தேர்ந்தவர்கள் கருமை வேண்டிய இடத்தில் சற்றுத் தடித்த முனையுள்ள பேனாவுக்கு மாறுவார்கள். அதையும் ஓரளவுக்கு மேல் செய்ய மாட்டார்கள்.

ஆக, உருவத்தைத் தருவது எழுத்தின் வடிவம் அன்று. வரிகள் நெருங்கியும் விலகியும் நிற்பதுதான்.

தமிழ் எழுத்தை எவ்வளவு சிறிதாக்கலாம்?

எல்லையைத் தீர்மானிப்பது பேனாவின் முனை. கடைகளில் கிடைக்கும் மெல்லிய முனைப் பேனாக்கள் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் கோடு போடும். வரைபடம் போடுவோர் பயன்படுத்தும் பேனாக்களில் 0.1 வரையும் உண்டு. 'க' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு படுக்கைக் கோடு, நடுவே ஒன்று, கீழே சுழியின் அடிப்பாகம்: மூன்று கோடுகள், நடுவே இரண்டு இடைவெளிகள். ஆக ஐந்து அடுக்கு. அடுக்குக்கு 0.2 வீதம் சரியாக ஒரு மில்லிமீட்டர். அந்தப் பேனாவால் அதைவிடச் சிறிய 'க' எழுதினால் சுழி அடைபட்டு மைப்பொட்டாகிவிடும்.

'ட', 'ப' போன்றவை இன்னும் சிறிதாகத் தாங்கும். 'ண' உயரத்தில் அடங்கும், ஆனால் சுழிகள் அதிகமாதலால் அகலம் கேட்கும். 'ஞ' இரண்டிலும் தொல்லை. எழுதுபவர் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பாட்டில் அடுத்து 'ஞ்ஞ' வந்தால் அதை எழுதத்தான் வேண்டும், அது முருகனின் மூக்கு நுனியில் வந்தாலும்.

புள்ளிதான் பெரிய சோதனை. 'க'வுக்கும் 'க்'குக்கும் வேறுபாடு ஒரு பொட்டு. இந்த அளவில் அது தாளின் நார் ஒன்றில் ஊறி மறைந்துவிடலாம். ஓலைச்சுவடி எழுதியவர்கள் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். இன்றைய வாசகரிடம், அதிலும் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் எழுத்தைக் கற்கும் நம் பிள்ளைகளிடம், அந்தப் பழக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. புள்ளி கட்டாயம் தெரிய வேண்டும். அதற்காக எழுத்து சற்றுப் பெரிதானாலும் குறையில்லை.

நுண்ணோக்கி தேவையா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர் எழுத்தை எழுத நல்ல வெளிச்சமும், வயதானவர்களுக்கு ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடியும் போதும்.

பாட்டின் நீளமும் படத்தின் பரப்பும்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் படத்தின் வெற்றி தோல்வி இங்கேதான் முடிவாகிறது.

சிவபுராணத்தை எடுத்துக்கொள்வோம். 95 அடிகள். "நமச்சிவாய வாஅழ்க நாதன்தாள் வாழ்க" என்ற முதலடியில் 18 எழுத்துகள். அடுத்த அடியில் 23. சராசரி 20 என்று கொண்டால் மொத்தம் சுமார் 1,900 எழுத்துகள். ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்து, சொல்லிடைவெளியையும் சேர்த்து 1.5 மில்லிமீட்டர் அகலம் எடுக்கும் என்று கொள்வோம். அப்படியானால் சிவபுராணம் முழுவதும் ஒரே வரியாக ஓடினால் 2.85 மீட்டர் நீளம். வரிக்கு இரண்டு மில்லிமீட்டர் இடம் ஒதுக்கி அடுக்கினால், நீளத்தை இடத்தால் பெருக்க, 57 சதுர சென்டிமீட்டர். ஏழரை சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். உள்ளங்கை அளவு, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு இரண்டு விதத்தில் உதவும். முதலாவது, பொய்யைப் பிடிக்க. உள்ளங்கை அளவுப் படத்தில் திருவாசகம் முழுவதும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிலுள்ள 51 பதிகங்களில் முதலாவதான சிவபுராணத்துக்கே அந்த இடம் சரியாகப் போய்விடுகிறது. அந்த அளவுக்குள் மற்ற ஐம்பதையும் அடக்க வேண்டுமென்றால் எழுத்து படிக்கும் எல்லைக்கு வெகு கீழே போக வேண்டும்.

இரண்டாவது, திட்டமிட. இருபது சென்டிமீட்டர் நீள அகலத்தில் ஒரு நடராசரை எழுத நினைக்கிறீர்கள். பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். சிவபுராணம் அதில் ஏழில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். எழுத்தைப் பெரிதாக்கி நிரப்பப் பார்த்தால் எழுத்து இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டும். எட்டி நின்றாலும் நிழல் கூடாது. ஆகவே ஒன்று, நீளமான நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் உடலை வெள்ளையாக விட்டு, புறக்கோடும் சடையும் திருவாசியும் மட்டும் எழுத்தாக அமைய வேண்டும். பின்னது அழகு. புதிதாகத் தொடங்குபவர்கள் நிரப்புவதில் ஆசைப்பட்டு, கடைசியில் இடம் மீதியானதும் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார்கள். அரைப் பாட்டில் நிற்கும் படத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

சுருக்கம் இதுதான்: பாட்டின் நீளத்தை வரிக்கு ஒதுக்கும் இடத்தால் பெருக்கினால் படத்தின் பரப்பு கிடைக்கும். இதைப் பேனா எடுப்பதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும்.

கவசத்தின் 'காக்க'வும் அந்தாதியின் வட்டமும்

ஒவ்வொரு பாட்டும் படத்துக்குத் தன் குணத்தைக் கொண்டுவரும். கந்த சஷ்டி கவசம் இதற்கு நல்ல உதாரணம். தேவராய சுவாமிகள் பாடியது, இருநூறு வரிகளுக்கு மேல். அதன் நடுப்பகுதி தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி உடல் முழுவதும் நடக்கிறது. "அடியேன் வதனம் அழகுவேல் காக்க, பொடிபுனை நெற்றியைப் புனிதவேல் காக்க" என்று முகம், நெற்றி, கண், செவி, நாசி எனப் பாதம் வரை போகும். திட்டமிட்டு எழுதுபவர் முன்பகுதியை வேலிலும் திருவாசியிலும் செலவழித்து, நெற்றி வரும் வரி நெற்றியிலும், பாதம் வரும் வரி பாதத்திலும் விழும்படி செய்யலாம். பாட்டின் வரிசை கெடவில்லை. படமும் பாட்டும் ஒரே திசையில் இறங்குகின்றன. இந்தக் கலையில் இதைவிட உயர்ந்த திறன் வேறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அதே பகுதியில் இரண்டு பொறிகளும் இருக்கின்றன. முதல் பொறி கண்ணுக்கு. அடிதோறும் 'காக்க' என்று முடிவதால், ஒவ்வோர் அடியையும் புது வரியில் தொடங்கினால் எல்லா 'காக்க'வும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றுவிடும். ஒரே எழுத்துக்கூட்டம் ஒரே இடத்தில் அடுக்கடுக்காக வரும்போது, எட்டி நின்றால் அது ஒரு பட்டையாகத் தெரியும். முருகன் மார்பில் இல்லாத தழும்பு ஒன்று விழுந்துவிடும். அடி முடிந்ததும் புது வரி தொடங்காமல், இடைவெளி மட்டும் விட்டு அதே ஓட்டத்தில் அடுத்த அடியைத் தொடர்ந்தால் 'காக்க'கள் சிதறிப் பட்டை மறையும்.

இரண்டாவது பொறி கைக்கு. புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது, ஒரு 'காக்க'விலிருந்து கண் திரும்பிப் போய் அடுத்த 'காக்க'வில் இறங்கிவிடும். நடுவே ஓர் அடி காணாமல் போகும். ஏடு பெயர்த்து எழுதியவர்களிடம் உலகம் முழுவதும் காணப்படும் பழைய பிழை இது. மையில் எழுதியதை அழிக்க முடியாது. நடுவில் செருகவும் இடம் இருக்காது. எனவே பாட்டை மனப்பாடமாக அறிந்தவர்களே எழுதுவது நல்லது. வாய் முணுமுணுக்கக் கை எழுத வேண்டும். பாராயணமும் ஓவியமும் ஒரே செயலாவது அப்போதுதான். எழுத்தின் சிறுமையில் பக்தியைத் தேடுபவர்களுக்கு என் பதிலும் இதுதான்: அது அளவில் இல்லை, ஓர் அடியையும் விடாமல் சொல்லிச் சொல்லி எழுதுவதில் இருக்கிறது.

அபிராமி அந்தாதிக்கு வேறொரு குணம். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். முதற்பாட்டு "உதிக்கின்ற" என்று தொடங்குகிறது. நூறாவது பாட்டு "உதிக்கின்றனவே" என்று முடிகிறது. அதாவது நூல் தன் தலையில் வந்து சேர்கிறது. வட்டமாக மூடும் உருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான நூலைக் காண்பது அரிது. திருவாசியோ முழுநிலவோ அமைத்து, அதைச் சுற்றி அந்தாதியை ஓடவிட்டால் தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் சந்திக்கும். தையலே தெரியாது.

இதன் வரலாறு

இந்தக் கலை ஒரே மதத்துக்கு உரியது என்று நினைக்க வேண்டாம். இதன் மிகத் தொன்மையான, தெளிவான சான்றுகள் யூதர்களின் வேத ஏடுகளில் கிடைக்கின்றன. ஏறக்குறைய ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் திபேரியாவிலும் எகிப்திலும் இருந்த எழுத்தர்கள், வேத வாசகத்தின் ஓரங்களில் நுண்ணிய குறிப்புகளை எழுதினார்கள். இந்தச் சொல் இந்த வடிவில் எத்தனை முறை வருகிறது, இங்கே எழுத்துக்கூட்டல் எப்படி என்பன போன்ற குறிப்புகள் அவை. பெயர்த்து எழுதும்போது ஓர் எழுத்தும் தவறக் கூடாது என்பதற்கான காவல். மசோரா என்று பெயர். அந்தக் குறிப்புகளையே கோலங்களாகவும் பூவேலைகளாகவும் வளைத்து எழுதத் தொடங்கினார்கள். கெய்ரோவில் 1008-ஆம் ஆண்டளவில் சாமுவேல் பென் யாக்கோபு எழுதி முடித்த ஏடு இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதன் அலங்காரப் பக்கங்களில் இந்த வேலையைப் பார்க்கலாம்.

உருவம் வரையத் தடை இருந்ததால்தான் யூதர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழுவதும் பொருந்தவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜெர்மானிய ஏடுகளில் மசோரா எழுத்தாலேயே விலங்குகளும் பறவைகளும் அமைந்திருக்கின்றன. அதைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். ரேகன்ஸ்பூர்க்கில் வாழ்ந்து 1217-இல் மறைந்த யூதா ஹெஹாசித் என்ற ஞானியின் வழியில் வந்த அறிவுரை ஒன்று, மசோராவை எழுத ஆளமர்த்துபவர் அதைப் பறவையாகவோ விலங்காகவோ மரமாகவோ ஆக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும், பிறகு அதை எப்படிப் படிப்பது, என்று கேட்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கேள்வியை இன்றும் ஒவ்வொரு படத்தின் முன்னும் கேட்கலாம்.

முஸ்லிம் எழுத்துக் கலைஞர்களிடம் குபார் என்ற மிக நுண்ணிய எழுத்துமுறை இருந்தது. புறாவின் காலில் கட்டி அனுப்பும் ஓலைகளுக்குப் பயன்பட்டதாகச் சொல்வார்கள். பிறகு கைக்குள் அடங்கும் குர்ஆன் பிரதிகளுக்கும் வந்தது. இந்தியாவிலேயே சுல்தான்கள் காலத்தில் குர்ஆன் வாசகங்களை நுணுக்கி எழுதிய சட்டைகள் உண்டு.

கையால் எழுதியதா, அச்சா?

பூதக்கண்ணாடி ஒன்று போதும். முதலில் பாட்டின் தொடக்கத்தைத் தேடுங்கள். நல்ல படத்தில் அது கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் இருக்கும். வேலின் நுனி, நெற்றிப்பொட்டு, இடது மேல் மூலை. அங்கிருந்து பத்து அடிகளைத் தொடர்ந்து படியுங்கள். வரி எங்காவது அறுந்தால் கேள்வி கேளுங்கள்.

பிறகு ஒரே எழுத்தை நாலைந்து இடங்களில் ஒப்பிடுங்கள். கையெழுத்தில் எந்த இரண்டு 'வ'வும் ஒன்றாக இருக்காது. கணினி எழுத்துருவில் எல்லாமே அச்சு அசலாக இருக்கும். எழுத்தின் ஓரத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படி. மூலம் கையால் எழுதப்பட்டதாகவே இருக்கலாம், உங்கள் கையில் இருப்பது நகல்.

கணினியால் செய்தது தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டை வரிசை மாறாமல் உருவத்துக்குள் ஓடவிடக் கணினியால் முடியும். கையால் எழுதப்போகிறவர்களுக்கு முன்மாதிரி போட்டுப் பார்க்க அது மிகவும் பயன்படும். ஆனால் கையெழுத்து என்று சொல்லி விற்கக் கூடாது. விலையிலும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

நம் தீவின் சுவரில்

எழுதுபவருக்கு இங்கே முதல் எதிரி ஈரம். மழைக்கால மாதங்களில் தாள் ஈரத்தை உறிஞ்சினால் மை நாரோடு ஊறிப் பரவும். பெரிய எழுத்துக்கு அது தெரியாது. ஒரு மில்லிமீட்டர் எழுத்தில் சுழிகள் அடைபட்டுவிடும். வழுவழுப்பான, பசை ஏற்றிய தடித்த தாளும், நிறமிப் பொடி கலந்த மையும் வேண்டும். சாயம் மட்டும் கலந்த மை வெயில் பட்டால் சில ஆண்டுகளில் வெளுத்துப்போகும்.

வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பூசையறையில் கற்பூரம் ஏற்றும் இடத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். புகை படிந்து, வரிகளுக்கு நடுவேயுள்ள வெள்ளைதான் முதலில் கெடும். வெள்ளை கெட்டால் நிழலும் கெடும். கண்ணாடிச் சட்டத்தில் தாள் கண்ணாடியைத் தொடாமல் சிறு இடைவெளி இருக்கட்டும்.

கோவில்களில் இத்தகைய படங்களைப் பெரும்பாலும் மண்டபத்துச் சுவரில் உச்சியில், பூமாலை போட்டு மாட்டிவிடுகிறார்கள். மரியாதை கருதித்தான். ஆனால் அவ்வளவு உயரத்தில் யாராலும் படிக்க முடியாது. பிரித்தறியும் எல்லைக்கு அப்பால் போய்விட்ட படம் சாதாரண நிழற்படம்போல் ஆகிவிடுகிறது. கோவில் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இது: கண் மட்டத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கும், நூலில் கட்டிய ஒரு பூதக்கண்ணாடியும், அந்தப் பாட்டு பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளும் இருக்கட்டும். பாட்டைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைகள் அடி எங்கே தொடங்குகிறது என்று தாங்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.